ஒசாஃபுனே சுகேசதா: முதல் ஜப்பானிய வாளாக வாங்கத்தக்க ஒரு வாக்கிசாஷி

ஜப்பானில் மரபு முறையில் அடிக்கப்பட்ட வாள் ஒன்றைச் சொந்தமாக வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நீண்ட கத்தானாவைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவர்கள் ஒதுக்கிவைத்திருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் கத்தானாக்களோ பல முறை தீட்டித் தேய்ந்தவையாக, பிடிக்குள் செருகப்படும் காம்பு வெட்டிக் குறுக்கப்பட்டவையாக, கையொப்பம் இல்லாதவையாக இருக்கின்றன. அதே பணத்துக்கு, கொல்லர் அடித்து முடித்த வடிவிலேயே காம்பும் கையொப்பமும் நிலைத்திருக்கும், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட, வாக்கிசாஷி எனப்படும் குட்டையான வாள் ஒன்றை வாங்க முடியும். சேகரிக்கத் தொடங்குகிறவருக்கு அதுவே மேலான தேர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன். டோக்கியோவில் வாள்களை மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையில் நான் வாங்கிய, சுகேசதா என்ற பெயர் பொறித்த வாக்கிசாஷியை முன்வைத்து அந்த நம்பிக்கைக்கான காரணங்களையும், அந்த வாளில் நான் கண்ட குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

அலகின் நீளம் பழைய ஜப்பானிய அளவையில் 1 ஷாகு 7 சுன் 3 பு, அதாவது 52.4 செ.மீ. ஒரு ஷாகுவுக்கும் இரண்டு ஷாகுவுக்கும் இடைப்பட்ட, அதாவது 30.3 முதல் 60.6 செ.மீ. வரையிலான வாள்களே வாக்கிசாஷி என்பதால், இது அந்த வகையில் நீளமானது. வளைவு 1.5 செ.மீ.; அந்த வளைவும் நடுவில் இல்லாமல் முனையை நோக்கித் தள்ளி நிற்கிறது. காம்பில் ஒரே ஒரு துளை, அதன் அருகே ‘பிஷூ ஒசாஃபுனே சுகேசதா’ என்ற கையொப்பம். ஜப்பானிய கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கத்தின் ‘ஹோசோன்’ சான்றிதழும், அரசின் பதிவு அட்டையும், பூச்சற்ற வெள்ளை மரத்தாலான ஷிராசாயா உறையும், எதோ காலத்தின் (1603–1868) இறுதியில் செய்யப்பட்ட, கைப்பிடியும் கைக்காப்பும் சேர்ந்த அணியுறை ஒன்றும் இதனுடன் வந்தன. விலை 3,80,000 யென்.

சுகேசதா என்பது தனி ஒரு மனிதரின் பெயர் அன்று. பிசென் (சுருக்கமாக பிஷூ) என்ற பழைய நாட்டில், அதாவது இன்றைய ஒகாயாமா மாநிலத்தில், யோஷிஇ ஆற்றங்கரையில் இருந்த ஒசாஃபுனே கிராமத்தில், முரோமாச்சி காலத்தின் (1336–1573) பிற்பகுதியில் பல பத்துக் கொல்லர்கள் இந்தப் பெயரையே பொறித்தார்கள். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போருக்குப் பிறகு நாடு முழுவதும் போர்க்களமாக மாறியபோது, காலாட்படையினருக்கு ஆயிரக்கணக்கில் வாள்கள் தேவைப்பட்டன. மிங் சீனாவுக்கும் கப்பல் கப்பலாக வாள்கள் ஏற்றுமதி ஆயின. அந்தத் தேவையை நிறைவேற்றிய பெரிய உற்பத்தி மையங்களில் ஒசாஃபுனேயும் ஒன்று. ஆகவே சுகேசதா வாள்களில் இரு தரங்கள் உண்டு. பெருந்தலைவர்கள் தனியே சொல்லிச் செய்வித்த வாள்களில் ‘பிசென் நாட்டு ஒசாஃபுனேவாழ் யோசோசயமோன்னோஜோ சுகேசதா’ என்பதுபோல் கொல்லரின் தனிப்பெயரோடு நீண்ட கையொப்பம் இருக்கும். சிலவற்றில் செய்வித்தவரின் பெயர்கூட இருக்கும். என் வாளில் இருப்பதுபோன்ற குறுகிய கையொப்பம் உள்ளவை பெரும்பாலும் மொத்தத் தேவைக்காக அடிக்கப்பட்டவை. முதல் வகையின் விலை இரண்டாம் வகையின் விலையைப் போலப் பல மடங்கு. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘சுகேசதா’ என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் பணம் கொடுப்பவர் ஏமாறுவார்.

இருந்தாலும், மொத்தத்துக்கு அடிக்கப்பட்டது என்பதாலேயே இதைத் தாழ்வாக எண்ணுவது நியாயம் அன்று. இந்த வாளின் எஃகைப் பார்த்தால் அந்தக் கிராமத்தின் சராசரிக் கைத்திறமே எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிகிறது. மேற்பரப்பில் மரப்பலகையின் ரேகையை ஒத்த நுண்வரி நெருக்கமாக ஓடுகிறது. மேற்கு ஜப்பானின் சூகோகு மலைகளில் கிடைக்கும் இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து ததாரா உலையில் உருக்கி எடுத்த எஃகை, மடித்து, அடித்து, மீண்டும் மடித்து, இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்ததன் தடம் அது. நம் கொடுமணல் போன்ற இடங்களில் மூசையில் உருக்கிய எஃகில் தோன்றும் அலைவரி, உருக்கு மெல்லக் குளிரும்போது உள்ளிருந்தே உருவாவது; ஜப்பானிய வாளின் வரியோ சம்மட்டியின் கீழ் பிறப்பது. இரண்டையும் ஒன்றென மயங்குகிறவர்கள் உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

வெட்டுவாயை ஒட்டி ஓடும் ஹமோன்தான் இந்த வாளின் சிறப்பு. அலகின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வெட்டுவாயில் மெல்லியதாகவும் பூசி, செந்நிறமாகக் காய்ச்சி, தண்ணீரில் தோய்க்கும்போது, மெல்லிய பூச்சுள்ள பகுதி நொடியில் குளிர்ந்து கடினமாகிறது. முதுகு மெல்லக் குளிர்ந்து இளக்கமாகவே நிற்கிறது. இரண்டுக்கும் இடையிலான எல்லையே ஹமோன். இந்த வாளில் அது அடியில் அகன்று விரிந்த வளைவுகளாக எழுகிறது. சில வளைவுகளின் உச்சி இரண்டாகப் பிளந்து, சேகரிப்பாளர்கள் நண்டுக்கொடுக்கு என்று சொல்லும் வடிவத்தைக் கொள்கிறது. பிற்கால ஒசாஃபுனேயின் அடையாளம் இது. எல்லைக்கோடு தனித்தனித் துகள்களாகப் பிரிந்து தெரியாமல் பனிப்படலம்போல் மங்கலாக நிற்பதும் பிசென் மரபுக்கு உரியது. முற்கால பிசென் வாள்களில் ஹமோனுக்கு மேலே ஒரு நிழல்போலத் தெரியும் உத்சுரியை இதில் காண முடியவில்லை. இந்தக் காலத்து வாளில், அதுவும் இந்த விலையில், அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஹமோன் முனைப்பகுதிக்குள்ளும் தடையின்றி நுழைந்து முதுகை நோக்கித் திரும்புகிறது. எந்தப் பழைய வாளை வாங்கும்போதும் முதலில் பார்க்கவேண்டிய இடம் இந்த முனைதான். முனை உடைந்து திருத்தி வடிக்கப்பட்ட வாளில் ஹமோன் பாதியில் அறுந்து நிற்கும். அத்தகைய வாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

ஒளிப்படத்தில் பார்த்த ஹமோனும் நேரில் பார்த்த ஹமோனும் ஒன்றாக இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கடையின் இணையப் பக்கத்தில் வெட்டுவாய் முழுவதும் பளிச்சென்ற வெண்மையாக, மென்மையான மேகவடிவில் தெரிந்தது. அது ஹமோன் அன்று. மெருகூட்டுபவர் இறுதிக் கட்டத்தில் மெல்லிய கல் துண்டை விரலால் தேய்த்து உண்டாக்கும் ஹதோரி என்ற வெண்மை. மெய்ஜி காலத்தில் பரவிய இந்த முறை வாளைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அழகாகக் காட்டும். ஆனால் உண்மையான ஹமோனின் ஏற்ற இறக்கங்களை அது ஓரளவு மூடிவிடுகிறது. ஒற்றை மின்விளக்கை நோக்கி வாளை நீட்டி, அலகில் விழும் ஒளிப்புள்ளியின் விளிம்பை மட்டும் கவனித்துக்கொண்டு மெல்லச் சாய்த்தால்தான் நண்டுக்கொடுக்குகள் வெளிப்படுகின்றன. படத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால், இந்த வாளின் மிகச் சிறந்த அம்சத்தை நான் அறிந்தே இருக்கமாட்டேன். விற்பனையாளர்கள் சாய்வொளியில் எடுத்த படங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும். சிலர் அப்படிச் செய்கிறார்கள், இந்தக் கடை செய்யவில்லை.

அடுத்து, குறைகள். அலகின் ஒரு பக்கத்தில், முதுகுக்கு அருகே, மடிப்பு முழுமையாக ஒட்டாமல் நீளவாக்கில் திறந்த மெல்லிய கீறல் ஒன்று உள்ளது. இது பழைய எஃகில் இயல்பானது. வாளின் உயிருக்கு ஊறு செய்யாது. கடையின் குறிப்பில் இது சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்படாதது மற்றொன்று: பிடிக்கு அருகில் ஒரு கைவிரல் நீளத்துக்கு எஃகின் நுண்வரி மறைந்து, வெறுமையான, சற்றே கருத்த திட்டு தெரிகிறது. கடினமான வெளித்தோல் எஃகு பலமுறை தீட்டியதில் தேய்ந்து, உள்ளிருக்கும் இளக எஃகு எட்டிப்பார்க்கும் இடம் அது. மொத்தத்துக்கு அடித்த வாள்களில் வெளித்தோல் மெல்லியதாகவே போடப்பட்டது என்பதால் இது அடிக்கடி நேர்கிறது. நான் கேட்டபோது கடைக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. இந்த இரண்டைத் தவிர, அஞ்சத்தக்க குறை எதுவும் இல்லை. குறிப்பாக, வெட்டுவாய்க்குக் குறுக்கே ஹமோனுக்குள் ஓடும் ஹாகிரே என்ற விரிசல் இல்லை. மயிரிழையை விட மெல்லியதாக இருந்தாலும் அந்த விரிசல் உள்ள வாள் சேகரிப்பாளர்களிடையே மதிப்பை இழந்துவிடும்.

கடையில் வாளைக் காட்டிய விதத்தைக் குறை சொல்ல இடமில்லை. எழுபதைக் கடந்த உரிமையாளர், மேசைமேல் மெத்தென்ற துணியை விரித்து, வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி உறையைப் பிடித்து வாளை உருவி, பிடியைக் கழற்றிக் காம்பை முழுமையாகக் காட்டினார். வாளைக் கையில் வாங்குவதற்கு முன் தலைவணங்குவதும், அலகை விரலால் தொடாமல் இருப்பதும், அதன்மேல் மூச்சும் எச்சிலும் படாதபடி பேச்சை நிறுத்திக்கொள்வதும் அங்கே பழக்கம். விரல் பட்ட இடத்தில் சில நாள்களிலேயே துரு தொடங்கிவிடும் என்பதால் இது வெறும் சடங்கு அன்று. காம்பின் துருவை மட்டும் யாரும் துடைப்பதில்லை. கருமைபடர்ந்த அந்தத் துருவே வாளின் வயதுக்குச் சாட்சி. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய வாளின் மதிப்பு பெரிதும் குறையும். என் வாளின் காம்பில் துரு ஆழ்ந்த நிறத்தில், கையொப்பத்தின் வெட்டுகளுக்குள்ளும் ஒரே சீராகப் படிந்திருக்கிறது. பின்னாளில் பொய்யாகப் பொறித்த கையொப்பமானால், வெட்டின் உட்புறம் வேறு நிறத்தில் இருக்கும்.

பொய்க் கையொப்பம் என்பது இந்தத் துறையின் பழைய நோய். 17ஆம் நூற்றாண்டில், அன்று எதோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவில் வாழ்ந்த கொல்லர் நாகசோனே கோதெத்சுவின் பெயரைத் தாங்கிய வாள்களில் போலிகளே மிகுதி என்பது எல்லாரும் அறிந்தது. ஆகவேதான் சான்றிதழ் தேவைப்படுகிறது. 1948இல் நிறுவப்பட்ட மேற்சொன்ன சங்கம், வல்லுநர் குழுவைக் கொண்டு வாள்களை ஆய்ந்து, ஹோசோன், தொகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெத்சு ஜூயோ என்ற நான்கு படிகளில் சான்றளிக்கிறது. சான்றிதழில் காம்பின் ஒளிப்படம் ஒட்டப்பட்டிருக்கும். படத்தையும் காம்பையும் அருகருகே வைத்துத் துருத்திட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் கடமை. ஹோசோன் என்பது முதற்படி. கையொப்பம் உண்மையானது, வாள் பாதுகாக்கத் தக்கது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. 1982இல் இப்போதைய முறை வருவதற்கு முன் வழங்கப்பட்ட பழைய சான்றிதழ்களில் சில பின்னர் ஐயத்துக்கு உள்ளாயின. அவற்றை மட்டும் நம்பிப் பெரிய பெயருக்குப் பெரிய விலை கொடுக்கக் கூடாது. சங்கத்தின் வாள் அருங்காட்சியகம் 2018இல் டோக்கியோவுக்குள்ளேயே யோயோகியிலிருந்து ரியோகோகுவுக்கு, கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி வடிவமைத்த புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. வாங்குவதற்கு முன் அங்கே போய்க் கண்ணைப் பழக்கிக்கொள்வது, எத்தனை நூல்களைப் படித்தாலும் கிடைக்காத பயனைத் தரும்.

அரசின் பதிவு அட்டையைச் சான்றிதழ் என்று நினைத்துக்கொள்பவர்கள் வாங்குபவர்களிடையே நிறைய உண்டு. அந்த அட்டை, வாளைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. தரத்தையோ கையொப்பத்தின் உண்மையையோ அது சொல்வதில்லை. மாநிலக் கல்விக் குழு வழங்கும் அந்த அட்டையில் நீளமும் வளைவும் துளைகளின் எண்ணிக்கையும் கையொப்பமும் எழுதப்பட்டிருக்கும். அவை வாளோடு சரியாகப் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். வாங்கியபின் 20 நாள்களுக்குள், அட்டையை வழங்கிய மாநிலத்தின் கல்விக் குழுவுக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கடையினர் அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அஞ்சல் முகவரியையும் எழுதித் தந்தார்கள். வெளிநாட்டவர் என்பதால் எந்தத் தடையும் இருக்கவில்லை.

இதே பணத்தில் வேறு எவை கிடைக்கும் என்பதையும் எண்ணிப்பார்த்தேன். பயிற்சிக்காகத் துத்தநாக அலுமினியக் கலவையில் வார்க்கப்படும் இயைதோ வாள் இந்த விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். அதில் எஃகே இல்லை என்பதால் அதைச் சேகரிப்புப் பொருளாகக் கருத இயலாது. இரண்டாம் உலகப் போரின்போது படை அதிகாரிகளுக்காக ஆலையில் செய்த வாள்களில் பெரும்பாலானவை மரபு முறையில் அடிக்கப்படாதவை. ஜப்பானுக்குள் அவற்றைப் பதிவு செய்யவே இயலாது. 1933 முதல் 1945 வரை யாசுகுனி கோயில் வளாகத்தில் மரபு எஃகால் அடிக்கப்பட்டவை அதற்கு விதிவிலக்கு. அவற்றின் விலையும் அதற்கேற்ப உயர்வு. வாழும் கொல்லர் ஒருவரிடம் புதிய வாளைச் செய்யச் சொல்வது மிக உயர்ந்த வழி என்பதை நான் மறுக்கவில்லை. ஷிமானே மாநிலத்தின் ஒகுஇசுமோவில் 1977இல் மீண்டும் ஏற்றப்பட்ட ததாரா உலையிலிருந்து, குளிர்காலந்தோறும் மூன்று நாளும் மூன்று இரவும் விடாமல் எரித்து எடுக்கும் தமாஹாகனே எஃகுதான் இன்றைய கொல்லர்களுக்கு முதன்மையான மூலப்பொருள். உரிமம் பெற்ற கொல்லர் மாதம் ஒன்றுக்கு இரண்டு நீண்ட வாள்களுக்கு மேல் முடிக்க அனுமதி இல்லை. இந்த உழைப்புக்கு உரிய விலையாகப் புதிய கத்தானா ஒன்றுக்கு 10 லட்சம் யென்னுக்கு மேல் கேட்கப்படுவது சாதாரணம். அது முற்றிலும் நியாயமான விலை. ஆனால் பார்வை பழகாத ஒருவர் கொல்லரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையே அறியமாட்டார்.

அணியுறை பற்றி அதிகம் சொல்ல இல்லை. கைப்பிடியின் பட்டு நாடா தளர்ந்திருக்கிறது. இரும்புக் கைக்காப்பு எளிமையானது, நல்ல துருநிறம் கொண்டது. வடிவம் குலையாமல் இருக்க உள்ளே மரத்தாலான போலி அலகு செருகப்பட்டிருக்கிறது. உண்மையான அலகு ஷிராசாயாவில்தான் இருக்க வேண்டும். அரக்குப் பூசிய உறைக்குள் நீண்ட காலம் வைத்தால் ஈரம் தேங்கும்.

பராமரிப்புக்கு வேண்டியவை கொஞ்சமே: கிராம்பு எண்ணெய் சிறிது கலந்த சோஜி எண்ணெய், அதைத் துடைக்கத் தளர்த்திய மென்தாள், கல்லின் நுண்பொடி நிரப்பிய உச்சிகோ உருண்டை. உச்சிகோ பொடியே அலகில் நுண்கீறல்களை உண்டாக்கும் என்று வாதிடுபவர்கள் இன்று பலர். நான் அவர்கள் பக்கம் சாய்ந்து, மென்துணியாலும் தூய ஆல்கஹாலாலும் மட்டுமே பழைய எண்ணெயை நீக்குகிறேன். ஜப்பானின் கோடை மழைக்காலத்தில் ஈரப்பதம் மிகுவதால் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

வாளை நாட்டை விட்டு எடுத்துச் செல்ல எண்ணுபவர்கள் கலாசார முகமையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்று, பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; வழக்கமாக விற்கும் கடையே இதைச் செய்து தருகிறது, அதற்குச் சில வாரங்கள் ஆகும். தேசியப் புதையல், முக்கியக் கலாசாரச் சொத்து என்று அறிவிக்கப்பட்ட வாள்களுக்கு அந்த அனுமதி இல்லை. இந்த விலையில் உள்ள வாள்களுக்கு அந்தக் கவலை எழாது. ஒசாஃபுனே இருக்கும் செதோஉச்சி நகரம், அதே பிசென் நாட்டில் பிறந்த தேசியப் புதையலான சாஞ்சோமோ வாளைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர 2020இல் 50 கோடி யென் திரட்டியது. அவ்வளவு சிறிய நகரம் ஒரு வாளுக்காக இதைச் செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அந்த நகரின் வாள் அருங்காட்சியகத்தில் கொல்லரும் மெருகூட்டுபவரும் உறை செய்பவரும் வேலை செய்வதை நேரிலேயே பார்க்கலாம். சுகேசதா வாங்குகிறவர்கள் ஒருமுறை போய்வர வேண்டிய இடம் அது.

வாளை மீண்டும் மெருகூட்டலாமா என்று ஒரு மெருகூட்டுநரிடம் கேட்டேன். அலகில் மெல்லிய தேய்ப்புக் கீறல்கள் இருக்கின்றன. அவற்றை நீக்கினால் நுண்வரி இன்னும் தெளிவாகும். அவரோ, வெளித்தோல் ஏற்கெனவே ஓரிடத்தில் தேய்ந்திருப்பதைக் காட்டி, முழு மெருகூட்டலுக்கு இந்த அலகு இன்னும் ஓரிரு முறைதான் தாங்கும் என்றும், துரு பரவாத வரையில் அதை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைப்பதே முறை என்றும் சொன்னார். தமக்கு வரக்கூடிய வேலையை அவரே வேண்டாம் என்று தள்ளிய அந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டு, கீறல்களை அப்படியே விட்டிருக்கிறேன்.